எலிக்கு ஆகாத கொரலு

பயந்துக்காத கண்ணு, பாம்பில்ல. எலிதான். சித்தெ அக்கட்ட நவுந்துக்கோ, டப்பாவ மடில வெச்சுக்கறேன். சன்னலோரம் நீயே உக்காந்துக்கோ. எனக்குக் காத்து வேண்டாம், பேச ஆளு இருந்தாப் போதும். எங்க, பவானிக்கா? நானு அதுக்கு முந்தி காலிங்கராயன்பாளையத்துல எறங்கிக்குவேன்.

மூடில ஓட்டை போட்டிருக்கறேன் பாரு, மூச்சு வுடறதுக்கு. மிச்சர் டப்பாதான், நல்லா கழுவிட்டேன். வூட்டெலி இல்ல கண்ணு, சாக்கடை எலி இல்ல. காலேஜு எலி. வெள்ளை வெளேர்னு, கண்ணு மட்டும் மாதுளை முத்தாட்ட. பேரு மினுக்கி. நான் வெச்ச பேரு. காலேஜுல அதுக்கெல்லாம் பேரு கெடையாது, வாலுல மையில கோடு போட்டு வெச்சிருப்பாங்க.

எந்தக் காலேஜுன்னு கேக்காத. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மருந்துக் காலேஜு. மாத்திரையெல்லாம் மனுசனுக்குக் குடுக்கறதுக்கு முந்தி எலிக்குக் குடுத்துப் பாப்பாங்கல்ல, அதுக்குன்னு ஒரு கட்டடம். நாங்க எலி வூடும்போம். உள்ளாற ஏசி! என்ற வூட்ல ஃபேனே ஒழுங்கா சுத்தாது, எலிக்கு ஏசி. நேரத்துக்குத் தீவனம், நேரத்துக்கு வெளக்கு, பாட்டலுல தண்ணி, கீழ மெத்தை மாதிரி உமி. ஏப்பா, நம்மளயும் ஒரு பொட்டில போட்டு வெச்சுக்கங்கப்பான்னு கேட்டேன் ஒருக்கா. சிரி, சிரி. சிரிச்சா அழகா இருக்கற.

அங்க நானு ரொம்ப வருசமா இருக்கறேன். பொட்டி மாத்தறது, உமி மாத்தறது, தண்ணி வெக்கறது, ஊசி போடறப்ப புடிச்சுக் குடுக்கறது. எல்லாம் பேசிக்கிட்டேதான். எனக்குப் பேசாம கை ஓடாது. நானு தறிக் குடோனுல பொறந்து வளந்தவ. சுத்தியும் தறி, டக்கடக்கடக்கடக்கன்னு. அதுல கத்துனாத்தான் பக்கத்துல இருக்கறவளுக்குக் கேக்கும். அதுல வந்த கொரலு இது. மாரியம்மன் நோம்பிக்கு மைக்கு வேண்டாம், வசந்தாமணியக் கூப்பிட்டாப் போதும்னு சொல்லுவாங்க எங்கூர்ல. அதுவும் நானு ஆளாட்டப் பேசுவேன் கண்ணு. யாரு பேசுனாலும் ஒருக்கா கேட்டாப் போதும், அப்படியே வந்துரும். இந்தக் கண்டக்டரு பேசறாரே, "ஏறு ஏறு ஏறு, படில நிக்காத, உள்ள போ சாமி, உள்ள எடமிருக்குது." பாத்தியா? திரும்பிப் பாக்கறாரு பாரு! தம்பி, உங்களத்தான். கோவிச்சுக்காதீங்க.

அப்படிப்பட்ட கொரல ஆகாதுன்னு சொல்லிப்போட்டான் கண்ணு ஒருத்தன்.

இரு, மொதல்லருந்து சொல்றேன். எலி வூட்டுக்குப் பெரியவரா ஒருத்தரு வந்தாரு. அர்த்தநாரி சாரு. ஒல்லியா, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா. வந்த அன்னிக்கே எங்களையெல்லாம் நிக்க வெச்சு, எலிய எப்படித் தூக்கறதுன்னு பாடம். எலிய! நானு தூக்கற எலிய! வாலப் புடிச்சுத் தூக்கக்கூடாதாம். அதுக்குப் பயமாம். ஒரு அட்டைக் குழாய உள்ள வெப்பாரு. அது தானா உள்ள போகும், குழாயோட தூக்கோணுமாம். இல்லீன்னா ரெண்டு கையயும் கிண்ணமாட்ட வெச்சுக்கிட்டு, அது ஏறட்டும்னு காத்துக்கிட்டு நிக்கோணும். நின்னாரு கண்ணு! பொட்டிக்குள்ள கைய வுட்டுட்டு, அரசாங்க ஆசுபத்திரில மாத்திரைக்கு நிக்கற மாதிரி நின்னாரு. கொரலு எப்படிங்கற? பஞ்சுல சுத்துன மாதிரி. கேளு.

"மெதுவா... மெதுவா... ஒண்ணும் பண்ண மாட்டேன்ப்பா... மெதுவா..."

அய்யோ, டப்பா ஆடுதா? ஆடும் ஆடும். அதுக்குக் காரணம் இருக்குது, வரேன்.

எலிக ஏறுச்சு. அதயும் சொல்லிப்போடறேன், பொய் எதுக்கு. அவரு கையில ஏறி, சட்டைக் கையிக்குள்ள போயி, கழுத்துப் பட்டைல தலைய நீட்டிக்கிட்டு வெளிய பாக்கும். பொட்டிக்குள்ள காயிதத்தக் கிழிச்சுப் போடச் சொன்னாரு, அதுக கூடு கட்டிக்குமாம். தனியா ஒத்தையா அடைக்கக் கூடாதாம், சோடி வேணுமாம். மல்லியப்பூ வெச்சுக்கிட்டு வரக்கூடாது, வாசம் ஆகாது. ரேடியோ ஆகாது. கதவ டமால்னு சாத்துனா ஆகாது. பொண்ணு மாசமா இருக்கற வூட்ல மாமியாக்காரி சொல்றாப்பல சொல்லிக்கிட்டே இருப்பாரு, அது ஆகாது, இது ஆகாது.

நானு சும்மா இருப்பனா? ஆயுத பூசைக்கு எல்லாரும் பொரி தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு தேங்காமூடிய எலியாக்கிக்கிட்டு, அவராட்டவே குனிஞ்சு, "மெதுவா, மெதுவா"ன்னு செஞ்சு காட்டுனேன். பசங்க பொரை ஏறிச் சிரிக்கறாங்க. பொரி மூக்கு வழியா வருது. அவரும் சிரிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு, "ரொம்ப நல்லாப் பண்றீங்க வசந்தாமணி, நான் இப்படியா பேசறேன்?"னாரு. எனக்கு ஒச்சமா, வெக்கமாக்கூட இருந்துச்சு. சேரி, மனுசன் நல்லவருன்னு நெனச்சுக்கிட்டேன்.

பூசைக்கு மக்யா நாளு என்னையக் கூப்பிட்டாரு. பக்கத்துல உக்கார வெச்சாரு. செல்லுல படம் புடிச்சு வெச்சிருக்கறாரு, காட்டுனாரு. எலிக எல்லாம் தின்னுக்கிட்டு, மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு இருக்குது. வெளிய என்ற கொரலு கேக்குது. நானு கதவத் தொறக்கறதுக்கு முந்தியே, கேக்குது. எலிக எல்லாம் அப்படியே கல்லாட்ட நின்னுபோச்சு. திங்கறதயும் நிறுத்திப்போட்டு, மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்டிக்குது. நானு போற வரைக்கும் அப்படியே.

"தப்பா நெனச்சுக்காதீங்க வசந்தாமணி. உங்க குரல் அதுகளுக்கு ஆகல. நாம கேக்காததையெல்லாம் அதுக கேக்கும். உள்ள இருக்கறப்ப மட்டும் பேசாம இருக்க முடியுமா? இல்லைன்னா வெளிய பொட்டி கழுவற வேலையப் பாக்கறீங்களா?"

நாண்டுக்கிட்டுச் செத்துப்போலாமாட்ட இருந்துச்சு. திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல கண்ணு. நானு திருப்பித் திட்டியிருப்பேன், அன்னிக்கே தீந்திருக்கும். இந்தாளு பஞ்சுல ஊசியச் சுத்திக் குத்தறான். என்ற கொரலு ஆகாதாம்! ஊரே கேக்கற கொரலு, அம்மனே கேக்கற கொரலு, எலிக்கு ஆகாதாம்! செல்லுப் படத்துல என்ன தெரியும்? எலி எதுக்கு நின்னுச்சுன்னு அந்தாளு கண்டானா? நானு வரேன்னு சந்தோசத்துல நின்னிருக்கும். மரியாதைக்கு நின்னிருக்கும். பெரியவங்க வந்தா நாம எந்திரிச்சு நிக்கறதில்லையா?

வெளிய போட்டுட்டாரு. உள்ளாற பழனியம்மான்னு ஒருத்திய வெச்சாரு. அவ பேசி நான் பாத்ததே இல்ல. கூலி குடுத்தாக்கூட வாயத் தொறக்க மாட்டா, கையத்தான் தொறப்பா. அவ உள்ள ஏசில. நானு வெளிய வெய்யில்ல, சோப்புத் தண்ணில, எலிப் புழுக்கை வழிச்சுக்கிட்டு. வவுறு எரிஞ்சுது கண்ணு. வெச்சிருக்கறேன்டா உனக்குன்னு கருவிக்கிட்டே கழுவுனேன். ஒவ்வொரு பொட்டியும் அந்தாளு மூஞ்சின்னு நெனச்சுத் தேச்சேன். பொட்டிக அப்படி மின்னுச்சு. நல்லாக் கழுவறேன்னு பாராட்டு வேற!

பொட்டி தேய்க்கறப்பதான் ரோசனை வந்துச்சு. என்ற கொரலு ஆகாதுன்னுதான சொன்ன? உன்ற கொரல ஆகாமப் பண்றேன் பாரு.

ஞாயித்துக்கெழம பழனியம்மாளுக்கு லீவு. சாரும் வரமாட்டாரு. பொட்டி மாத்தறது அன்னிக்குத்தான், ஒவ்வொரு எலியயும் எடுத்து வேற பொட்டில வுடோணும். அன்னிக்கு அந்தக் கட்டடத்துக்கு நாந்தான் ராணி. உள்ள போவேன், கதவச் சாத்துவேன். தொண்டையக் கனைச்சுக்குவேன். அப்பறம் அவரு கொரலு. "மெதுவா... மெதுவா... ஒண்ணும் பண்ண மாட்டேன்ப்பா..." சொல்லிக்கிட்டே வாலப் புடிச்சு வெடுக்குன்னு தலைகீழாத் தூக்குவேன். காத்துல ஒரு ஆட்டு. கீச்சுன்னு கத்தும். "மெதுவா..." கழுத்துத் தோலப் புடிச்சு ஒரு நெருடு. "மெதுவா..." பொட்டி மேல ஒரு தட்டு. எல்லாம் அவரு கொரல்லதான். என்ற கொரல்ல ஒரு கெட்டதும் பண்ணல கண்ணு, சத்தியமா. எல்லாம் முடிச்சப்பறம், என்ற கொரல்ல, "என்ற தங்கமே, சாமிகளா, வாங்க வாங்க"ன்னு நெலக்கடலை போடுவேன். கெட்டதுக்கு அவரு, நல்லதுக்கு நானு. எப்படி?

கடலைய அப்பவே தின்னாதுக. நானு வெளிய போனப்பறம்தான் திங்கும். கூச்சம். புதுப் பொண்ணாட்ட.

ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்கற? கொன்னனா நானு? அந்தக் காலேஜுல படிக்கற பசங்க எலி வவுத்துக்குள்ள குழாய வுட்டு மருந்து ஊத்தறாங்க, நானு வாலத்தான புடிச்சேன்!

கொஞ்ச நாளுல பலிச்சுது. சாரு உள்ள போயி "மெதுவா"ம்பாரு. எலிக மூலைக்கு ஓடும். கைய நீட்டுவாரு, ஒண்ணும் ஏறாது. குழாய வெப்பாரு, குழாய்க்குள்ள போயி வெளிய வராது. நானு வாசல்ல வாளியோட நின்னு பாப்பேன். அந்தாளு மூஞ்சி சுருங்கறது இருக்குதே, பலகாரம் சாப்பிட்டாப்பல இருக்கும். தீவனத்த மாத்துனாரு. உமிய மாத்துனாரு. சட்டைக்குப் போடற சோப்பக்கூட மாத்துனாரு, பாவம். வெளக்கக் கொறச்சாரு. கடைசில என்னையக் கேக்கறாரு, "வசந்தாமணி, ஏதாவது வித்தியாசமா கவனிச்சீங்களா?" நானு மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு, "உங்களுக்குத் தெரியாததா சார்"ன்னேன்.

அப்பறம் மேலருந்து கமிட்டி வந்துச்சு. எலிகள ஒழுங்கா வெச்சிருக்கறாங்களா, கொடுமைப்படுத்தறாங்களான்னு பாக்கற கமிட்டி. அதுல ஒரு மாட்டு டாக்டரம்மா. குட்டையா, கட்டையா, நடந்தா ரூமே அதிரும். ஆனா ஒரு பார்வை பாத்தா எல்லாம் தெரிஞ்சுரும் அவியளுக்கு. கூட்டைப் பாத்தாங்க, குழாயப் பாத்தாங்க. "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார், இத்தனை காலேஜுல இப்படிப் பாத்ததில்ல"ன்னாங்க. எனக்குத் திக்குன்னுச்சு. அப்பறம், "எடுத்துக் காட்டுங்க"ன்னாங்க.

சாரு கைய வுட்டாரு. "மெதுவா..."ன்னாரு.

அட சாமி! நானே அப்படி எதிர்பாக்கல. அந்தப் பொட்டி மட்டுமில்ல, வரிசையா எல்லாப் பொட்டிலயும் கீச்சு கீச்சுன்னு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. மூத்திரம் போகுது. கண்ணோரத்துல செவப்பாக் கசியுது, ரத்தமில்ல அது, பயந்துட்டா அப்படி வருமாம். ஒண்ணு சாரு வெரலக் கவ்விருச்சு. வுடல. உதறியிருந்தா வுழுந்திருக்கும், அந்தாளு உதறல. ரத்தம் உமில சொட்டுது, அப்படியே கைய வெச்சுக்கிட்டு நிக்கறாரு, அதுக்கு அடிபட்டுருமுன்னு. நானு வாசல்ல. சிரிப்ப அடக்க முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு நின்னேன்.

டாக்டரம்மா கேட்டாங்க, "சார், இதுக உங்களப் பாத்துப் பயப்படல. உங்க குரலுக்குப் பயப்படுது. என்ன பண்ணீங்க இதுகள?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கண்ணு நானு அத்தனை பொட்டி கழுவுனேன்.

"தெரியல மேடம்"ங்கறாரு. "நான்தான் எங்கியோ தப்புப் பண்ணியிருக்கணும்." கண்ணாடியக் கழட்டுனாரு. ஆனா இந்த வாட்டி சிரிக்கல.

அவரு ஆராய்ச்சி அதோட முடிஞ்சுது. அந்த எலிக எதுக்கும் ஆகாதுன்னு எழுதிட்டாங்க. பயந்த எலிய வெச்சு என்ன மருந்து பாத்தாலும் சரியா வராதாமா. அப்பறம் என்ன, மூடுன பொட்டில போட்டுக் கேஸ வுட்டுக் கொன்னுட்டாங்க. எல்லாத்துக்கும் நானு பேரு வெச்சிருந்தேன். குண்டாயி, சீமாட்டி, ஒத்தக்காது... அத வுடு. அந்தப் பாவம் அந்தாளுக்குத்தான், அவரு வெளியதான் நின்னுக்கிட்டிருந்தாரு, சொவரப் பாத்துக்கிட்டு. நானு மினுக்கிய மட்டும் சோத்துத் தூக்குப் போசில போட்டு முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்துட்டேன். எனக்கும் எரக்கம் இருக்குதல்ல?

சாரு வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. போற அன்னிக்கு எல்லார்த்துகிட்டயும் சொல்லிக்கிட்டுப் போறாரு. என்கிட்ட வந்தாரு. என்ன சொன்னாருங்கற? "உங்க குரல ஆகாதுன்னு சொன்னேனே வசந்தாமணி, மன்னிச்சுக்குங்க. என் குரல்தான் ஆகாமப் போச்சு." கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு.

அங்கதான் கண்ணு எனக்கு மறுபடி எரிஞ்சுது. பாரு, நானு செயிச்சேன். ஆனா செயிச்சது நாந்தான்னு அந்தாளுக்குத் தெரியல! தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு, மன்னிப்பு வேற கேட்டுட்டு, மகாத்துமாவாட்ட நடந்து போறாரு. இது ஒரு செயிப்பா? அடிச்சவ யாருன்னு தெரியாம அடி வாங்குனா அது அடியா? எனக்குச் சோறு எறங்கல. வெசாரிச்சேன். காலிங்கராயன்பாளையத்துல பொறந்த வூட்டோட வந்து இருக்கறாராம். யார்த்துகிட்டயும் எச்சாப் பேசறதில்லையாம். வூட்ல ஒரு கோழி இருந்துச்சாம், அதக்கூடத் தொடறதில்லையாம்.

அதான் இன்னிக்குக் கெளம்பிட்டேன். நேரா வூட்டுக்குள்ள போவேன். டப்பாவ அவரு மடில வெப்பேன். ஒருக்கா அவரு கொரல்ல பேசுவேன், எலி நடுங்கும். அப்பறம் என்ற கொரல்ல கூப்பிடுவேன், ஓடி வந்து என்ற கையில ஏறும். "பாத்துக்குங்க சார், யாரு கொரலு ஆகாது, யாரு கொரலு ஆகும்? இத்தனையும் பண்ணது இந்த வசந்தாமணிதான்"ம்பேன். அப்ப அந்தாளு மூஞ்சியப் பாக்கோணும். அது போதும் எனக்கு. பொறவு மினுக்கிய அவருக்கே வுட்டுட்டுக் கூட வந்துருவேன்.

எலி வருமாங்கறயா? வராம என்ன, வரும். வூட்ல எங்கூட்டுக்காரரு மேல ஏறிப் படுத்துக்குது. இவருக்குத் தறி ஓட்டி ஓட்டிக் காதே மந்தம், அவரும் பேசமாட்டாரு. அவரு தோள்ல உக்காந்துக்கிட்டு டீவி பாக்குது. நானு பக்கத்துல போனா மட்டும் பனியனுக்குள்ள போயிருது. "ஏன்டி உன்னையக் கண்டா ஒளியுது"ங்கறாரு. வெக்கம்யா, நானு வளத்தவ இல்லையா, செல்லம்னேன். சாயங்காலமானா அக்கம்பக்கத்துப் பொம்பளைக வந்துருவாங்க, "வசந்தாக்கா, அந்தச் சாராட்டப் பேசு"ன்னு. நானு பேசுவேன், மினுக்கி நடுங்கும், எல்லாரும் சிரிப்பாங்க. நல்லாப் பொழுது போகும்.

இரு, ஒருக்கா ஒத்திகை பாத்துக்கலாம். நீயும் பாரு. மூடியத் தொறக்கறேன். கத்தாத, கடிக்காது. மினுக்கி... என்ற தங்கம்... வா சாமி, கைல ஏறு. ஏறு. ஏன்டி மூலைல ஒட்டிக்கற? மினுக்கீ! வா சாமி, கடலை தரேன். பஸ்சு ஆடுது, அதான். டப்பாவச் சித்தெ சாய்க்கறேன், வெளிய...

அட! அட! உன்ற துணிப்பைக்குள்ள போயிருச்சு! எந்திரிக்காத, எந்திரிக்காத, மிதிச்சுப் போடாத. நீ பயப்படலையே? கெட்டிக்காரி. உள்ள என்ன வெச்சிருக்கற, துண்டா? சுருண்டு படுத்துக்கிச்சா? இத பாரு, மினுக்கி, வெளிய வா. மினுக்கி! உள்ள போகுதா? இன்னும் உள்ளயா? ஆரனு அடிக்கறான் பாரு டிரைவரு, அதுக்குப் பயந்துக்கிச்சு. இரு, அவரு கொரல்லயே கூப்புட்டுப் பாக்கறேன், பயத்துலயாவது வெளிய ஓடியாரும். "மெதுவா..." என்ன? துண்டுக்கு அடிலயா போயிருச்சு? நடுங்குதா? ரெண்டு கொரலுக்குமா?

என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு.

பேசாம இருக்கோணுமா. நானா?

நீயுமா கண்ணு. இப்பத்தான ஏறுன, நல்லாத்தான சிரிச்சுக்கிட்டு இருந்த.

ஏய், காலிங்கராயன்பாளையம் வந்துருச்சு. கேக்குதுங்க தம்பி, கேக்குது, எறங்கறேன். இருங்க, எலி பையில மாட்டிக்கிச்சு. நீ கைய உள்ள வுடு கண்ணு. ஏறுதா? நீ வுட்டா ஏறுதா? இந்தா, குடு, மினுக்கி, வா... போச்சு, மறுபடி உள்ள போயிருச்சு. என்ற கொரலு கேட்டதும் போகுதுங்கறயா. இங்கயே இப்படின்னா, அங்க அந்தாளு முன்னால போயி நானு எப்படிக் கூப்பிடறது? அந்தாளு பாப்பாரே. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கண்ணாடியத் தொடச்சுக்கிட்டுச் சும்மா பாப்பாரு.

தம்பி, நீங்க டபுள் விசிலு குடுங்க. வண்டி போகட்டும். எனக்கும் பவானிக்கே ஒரு சீட்டுக் கிழிங்க.

எடு கண்ணு. எடுத்து டப்பால வுடு. நானு பேசல.

இதா, வாய மூடிட்டேன்.